பல்கலைக்கழகப் படிப்புக்குக் கட்டுப்படியாகும் விலையில் ஒரு லேப்டாப்: தேர்வு முதல் சோதனை வரை முழுமையான வழிகாட்டி

என் முதல் மடிக்கணினி இரண்டரைக் கிலோ. சார்ஜர் தனி, அறைத்தோழன் அதற்குச் செங்கல் என்றே பெயர் வைத்திருந்தான். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கிறது, விசைகளுக்கு அடியில் வண்ண விளக்கு எரிகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்று வாங்கியது. மூன்று வாரம் வகுப்புக்குச் சுமந்தேன். ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி தீர்ந்துவிடும். வகுப்பறையில் மின்இணைப்பு இருந்ததோ கடைசி வரிசைச் சுவரில் மட்டும். நான்காவது வாரத்திலிருந்து அது அறை மேசையிலேயே கிடந்தது. நான் நோட்டும் பேனாவுமாக வகுப்புக்குப் போனேன்.

அதற்குப் பிறகு தம்பி, அவன் நண்பர்கள், நண்பர்களின் தங்கைகள் என்று பலருக்குத் துணையாகக் கணினி பார்க்கப் போயிருக்கிறேன். போய்ப் போய் ஒரு கணக்கு பிடிபட்டது: வாங்கிய பின் மாற்றவே முடியாத பாகங்களுக்குப் பணத்தைக் கொடுங்கள், பிறகு மாற்றிக்கொள்ளக் கூடியவற்றில் மிச்சம் பிடியுங்கள். கீழே வருவதெல்லாம் இந்தக் கணக்கின் விரிவுதான்.

படி 1: கடைக்குப் போகும் முன் துறையைக் கேளுங்கள்

"எந்த லேப்டாப் நல்லது?" என்று கேட்பவர்களிடம் "என்ன படிக்கப் போகிறீர்கள்?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பல துறைகள் தங்கள் மாணவர்களுக்குத் தேவைப்படும் மென்பொருள்களின் பட்டியலை வெளியிட்டே வைத்திருக்கும். அது கிடைக்காவிட்டால் மூன்றாம் ஆண்டில் படிக்கும் ஒருவரைப் பிடியுங்கள். எந்த மென்பொருளை உண்மையில் திறந்தார்கள், எது பட்டியலில் மட்டும் இருந்தது, எதை ஆய்வகக் கணினியிலேயே முடித்துவிட்டார்கள் என்று கேளுங்கள். இந்தப் பத்து நிமிடப் பேச்சு பெரிய செலவை மிச்சப்படுத்தும்.

இலக்கியம், வரலாறு, சட்டம், வணிகம், சமூகவியல் படிப்பவர்களுக்கு வேண்டியவை உலாவி, கட்டுரை எழுதும் மென்பொருள், பிடிஎஃப், காணொளி வகுப்பு. இவற்றுக்கு எந்த நடுத்தரக் கணினியும் போதும். இவர்கள் பணத்தை வேகத்தில் போடாமல் திரையிலும் விசைப்பலகையிலும் போட வேண்டும். நாள் முழுக்க வாசித்து எழுதப் போகிறவர்கள் இவர்கள்தானே.

கணினி அறிவியல் மாணவர்களுக்கு ரேம் (ஓடும் மென்பொருள்களைத் தாங்கும் தற்காலிக நினைவகம்) முக்கியம். தனி கிராபிக்ஸ் கார்டு பெரும்பாலும் தேவையில்லை. "இயந்திரக் கற்றலுக்கு வேண்டாமா?" என்று கேட்பார்கள். பாடப் பயிற்சிகளுக்குக் கூகுள் கோலாப் போன்ற இலவசச் சேவை போதும். பெரிய வேலை வரும்போது சாதாரண மடிக்கணினியின் கார்டு எப்படியும் பற்றாது. சொந்தக் கணினியில்தான் செய்வேன் என்றால் என்விடியா கார்டைத்தான் வாங்க வேண்டும், ஏனென்றால் இந்தத் துறையில் பரவலாகப் பயன்படும் கூடா (CUDA) என்ற என்விடியாவின் மென்பொருள் தளம் வேறு நிறுவனக் கார்டுகளில் ஓடாது.

கட்டடக் கலை, இயந்திரப் பொறியியல் மாணவர்கள்தான் உண்மையிலேயே கவனமாக இருக்க வேண்டியவர்கள். கட்டட வரைவுக்கான ரெவிட், இயந்திரப் பாக வடிவமைப்புக்கான சாலிட்வொர்க்ஸ் ஆகியவை விண்டோஸுக்காக எழுதப்பட்டவை. புவியியலில் வரைபடத் தரவுக்கான ஆர்க்ஜிஐஎஸ் புரோவும் அப்படியே. அதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் கியூஜிஐஎஸ் விண்டோஸ், மேக், இலவச இயங்குதளமான லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ஐஃபோனுக்குச் செயலி எழுதப் போகிறவருக்கோ எக்ஸ்கோடு என்ற ஆப்பிளின் மென்பொருள் வேண்டும், அது மேக்கில் மட்டும்தான். அழகாக இருக்கிறது என்று மேக்கை வாங்கிவிட்டு, ஆய்வகம் பூட்டும் வரை அங்கேயே உட்கார்ந்து ரெவிட் பாடத்தை முடித்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இன்னும் ஒன்று, பலரும் மறப்பது: இணையவழித் தேர்வுக்கான கண்காணிப்பு மென்பொருள். இவற்றில் பல லினக்ஸில் ஓடாது. கூகுளின் இயங்குதளத்தோடு வரும் குரோம்புக்கில் ஓடுமா என்பதையும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். ஸ்னாப்டிராகன் என்ற, இன்டெல் வகை அல்லாத பிராசஸருடன் (கணினியின் மூளையான சிப்) வரும் விண்டோஸ் கணினிகளின் பேட்டரி நன்றாக உழைக்கும். ஆனால் ஆய்வகக் கருவிகளை இணைக்கும் பழைய மென்பொருள்கள் சில அவற்றில் வேலை செய்வதில்லை. உங்கள் பட்டியலை வைத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

படி 2: கையிலுள்ள தொகையில் பத்தில் ஒரு பங்கை ஒதுக்குங்கள்

மவுஸ், பை, கோப்புகளைப் பிரதி எடுத்து வைக்க ஒரு வெளி டிஸ்க். இவற்றுக்கு அந்தப் பங்கு போய்விடும். மென்பொருளுக்குப் பணம் கொடுப்பதற்கு முன் பல்கலைக்கழக மின்னஞ்சல் கைக்கு வரும்வரை பொறுங்கள். ரெவிட் போன்றவற்றைச் செய்யும் ஆட்டோடெஸ்க் தன் மென்பொருள்களை மாணவர்களுக்கு ஓராண்டு உரிமமாக இலவசமாகத் தருகிறது. படிக்கும் வரை ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டின் அலுவலக மென்பொருளையும் பல பல்கலைக்கழகங்கள் மாணவர்களுக்குத் தருகின்றன. அது இல்லாவிட்டாலும் இலவசமான லிப்ரே ஆபிஸ் இருக்கிறது.

சில கணினிகள் விலைப்பட்டியலில் திடீரென்று மலிவாகத் தெரியும். விவரத்தில் "டாஸ்" என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அதில் விண்டோஸ் இல்லை என்று பொருள். லினக்ஸ் போட்டுக்கொள்கிறவருக்கு அது லாபம். மற்றவர்கள் உரிமத்தின் விலையையும் கூட்டித்தான் ஒப்பிட வேண்டும்.

படி 3: மாற்ற முடியாதவற்றை முதலில் பாருங்கள்

திரையிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் மலிவான கணினிகளில் அதிகம் ஏமாற்றுவது அதுதான். 1366 × 768 புள்ளிகள் கொண்ட திரையை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். ஒரு பக்கம் பாடநூலையும் மறுபக்கம் குறிப்பையும் வைத்தால் இரண்டையும் படிக்க முடியாது. 1920 × 1080 குறைந்தபட்சம். 1920 × 1200 கிடைத்தால் இன்னும் நல்லது. உயரம் கொஞ்சம் கூடுவதால் பக்கத்தில் நாலைந்து வரிகள் கூடுதலாகத் தெரியும். டிஎன் வகைத் திரையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தாலே நிறம் வெளுத்துவிடும், ஆகவே ஐபிஎஸ் வகையைக் கேளுங்கள். வெளிச்சம் நிட் என்ற அலகில் சொல்லப்படும். 250 நிட் அறைக்குள் போதும்; சன்னல் ஓரத்திலோ மரத்தடியிலோ உட்கார்ந்து படிப்பவருக்கு 300-க்கு மேல் வேண்டும். வடிவமைப்பு, காட்சித் தொடர்பியல் மாணவர்கள் விவரத்தாளில் நிற வரம்பு "45 சதவீதம் என்டிஎஸ்சி" என்று கண்டால் அந்தக் கணினியை விட்டுவிடலாம். அதில் சிவப்பு சிவப்பாக இருக்காது. 100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி என்று இருப்பதுதான் அவர்களுக்கு.

விசைப்பலகையை நேரில் தட்டிப் பார்க்காமல் வாங்குவது, செருப்பைப் போட்டுப் பார்க்காமல் வாங்குவது போல. கடையில் நின்று ஒரு முழுப் பத்தி தட்டச்சு செய்யுங்கள். நடுப்பகுதி அமுங்கினால், எழுத்து விழுந்ததா என்று ஒவ்வொரு முறையும் திரையைப் பார்க்க வேண்டியிருந்தால், அது வேண்டாம். விற்பவர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும், நாலு வருடம் தட்டப் போவது நீங்கள். திரையை ஒரு கையால் திறந்து கீலையும் பாருங்கள். திரையோடு சேர்ந்து அடிப்பாகமும் மேலே தூக்கிக்கொண்டு வருகிறதா, திரை ஆடுகிறதா என்று தெரிந்துவிடும்.

அடுத்தது ரேம். 8 ஜிபி இன்றைக்குத் தாங்கும். நான்காம் ஆண்டு வரை நிம்மதியாக ஓட 16 ஜிபி வேண்டும். எண்ணைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: ரேம் மதர்போர்டில் (உள்ளே பாகங்கள் அமரும் முதன்மைப் பலகையில்) பற்றவைக்கப்பட்டிருக்கிறதா, ஸ்லாட்டில் செருகப்பட்டிருக்கிறதா? மெல்லிய கணினிகளில் பெரும்பாலும் பற்றவைத்துத்தான் வருகிறது. அப்படியானால் இன்று வாங்குவதுதான் கடைசிவரை, ஆகவே 16-க்குக் கீழே இறங்காதீர்கள். ஸ்லாட் காலியாக இருந்தால் இன்று 8 ஜிபியோடு வாங்கி, தேவை வரும்போது கூட்டிக்கொள்ளலாம். ரேமின் விலை தங்கம் போல ஏறி இறங்கும். கூடுதல் ரேமுக்கு இன்று என்ன விலை என்று கேட்டுவிட்டு அந்தக் கணக்கைப் போடுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். இரண்டு ஸ்லாட்டிலும் ரேம் இருக்கும்போதுதான் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ் முழு வேகத்தில் இயங்கும். இன்டெலின் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ், ஒரே ஒரு ரேம் மட்டும் இருக்கும் கணினியில் வெறும் யுஎச்டி என்றே தன் பெயரைக் காட்டும். பெட்டியில் ஐரிஸ் என்று போட்டிருக்கிறதே, என் கணினியில் காணோமே என்று குழம்புகிறவர்களுக்கு விடை இதுதான்.

சேமிப்பகம் மாற்றக்கூடியது, ஆகவே இங்கே மிச்சம் பிடிக்கலாம். ஆனால் வகையில் சமரசம் கூடாது. பழைய ஹார்டு டிஸ்க் நொடிக்கு ஏறத்தாழ 100 எம்பி படிக்கும். சுழலும் தட்டில்லாத எஸ்எஸ்டியில், பழைய இணைப்பான சாட்டா வகை 550 வரை. புதிய இணைப்பான என்விஎம்இ எஸ்எஸ்டி, சாதாரண வகையே 2000, 3000 என்று போகும். எஸ்எஸ்டி இருந்தால் போதும், சாட்டாவா என்விஎம்இயா என்பது அன்றாட வேலையில் பெரிதாகத் தெரியாது. தவிர்க்க வேண்டியது இஎம்எம்சி வகைச் சேமிப்பகம். மிக மலிவான கணினிகளில் 64 அல்லது 128 ஜிபி அளவில் வரும்; மெதுவானது, பற்றவைக்கப்பட்டது, விண்டோஸ் இரண்டு முறை புதுப்பிக்கப்பட்டால் இடம் முடிந்துவிடும். 256 ஜிபி எஸ்எஸ்டியுடன் தொடங்கி, நிறைந்ததும் பெரியதாக மாற்றுவது நல்ல வழி. 512 ஜிபி வாங்கியவர்களுக்கு விண்டோஸ் 476 என்று காட்டினால் பதற வேண்டாம். தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது, யாரும் திருடவில்லை.

படி 4: பிராசஸரின் பெயரை முழுதாகப் படியுங்கள்

"ஐ7 சார், ரொம்ப வேகம்" என்பது விற்பனையில் பழைய மந்திரம். இன்டெல் பிராசஸரில் ஐ5, ஐ7 என்பது பதவி. அதற்குப் பின்னால் வரும் எண்தான் வயது. ஐ7-7500யு என்பது 7ஆம் தலைமுறை, அதில் இரண்டே கோர்கள், அதாவது ஒரே நேரத்தில் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள். ஐ3-1215யு என்பது 12ஆம் தலைமுறை, அதில் ஆறு கோர்கள். அந்தப் பழைய ஐ7-ஐ இந்த ஐ3 எளிதாக முந்திவிடும். கடைசி எழுத்தையும் பாருங்கள். யு என்றால் குறைந்த மின்சாரம், நீடித்த பேட்டரி. எச் என்றால் வேகமும் வெப்பமும் விசிறிச் சத்தமும். மாணவருக்குப் பெரும்பாலும் யுதான்.

2023 இறுதியிலிருந்து இன்டெல் அந்த ஐ எழுத்தைக் கைவிட்டது. கோர் அல்ட்ரா என்று வருபவை புதிய வடிவமைப்பு; அல்ட்ரா இல்லாமல் கோர் 5, கோர் 7 என்று வருபவை பெரும்பாலும் முந்தைய வடிவமைப்பின் மறுபதிப்பு. மறுபதிப்பு என்பதால் ஒதுக்க வேண்டியதில்லை. மலிவாகக் கிடைத்தால் நல்ல கணினிதான். என் சந்தேகப் பட்டியலில் இருப்பது இன்டெலின் என்100 போன்ற 'என்' (N) எழுத்து வரிசை. கட்டுரை எழுதவும் காணொளி பார்க்கவும் போதும், அதற்கு மேல் ஒன்றையும் எதிர்பார்க்கக் கூடாது.

இன்டெலின் போட்டியாளரான ஏஎம்டி பக்கம் ஒரு பொறி இருக்கிறது, கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். ரைசன் 7000 வரிசை மடிக்கணினி பிராசஸர்களில் முதல் எண் அது சந்தைக்கு வந்த ஆண்டைத்தான் குறிக்கிறது. வடிவமைப்பின் வயதைச் சொல்வது மூன்றாவது எண். ரைசன் 5 7520யு: மூன்றாவது எண் 2, அதாவது 2019-இல் வந்த ஜென் 2 வடிவமைப்பு, நான்கு கோர்கள். ரைசன் 5 7530யு: மூன்றாவது எண் 3, ஜென் 3, ஆறு கோர்கள். பெயரில் ஒரே ஓர் இலக்கம்தான் வித்தியாசம். இரண்டும் ஒரே அலமாரியில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்.

தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படும் துறையினருக்கு ஒரு வரி: என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3050 என்ற ஒரே பெயரில் 35 வாட்டிலும் 80 வாட்டிலும் கார்டுகள் உண்டு. வாட் குறைந்தால் வேகமும் குறையும். வாட் எவ்வளவு என்று கேட்காமல் விலையை ஒப்பிடாதீர்கள்.

படி 5: பேட்டரி மணிக்கணக்கை நீங்களே போடுங்கள்

"12 மணி நேரம் தாங்கும்" என்ற விளம்பரத்தை ஒதுக்கிவிட்டு வாட்-மணி என்ற பேட்டரிக் கொள்ளளவு எண்ணைத் தேடுங்கள். உலாவியும் எழுத்து வேலையுமாக இருக்கும்போது ஒரு சிக்கனமான கணினி 7 வாட் அளவில் இழுக்கும் என்று வையுங்கள். 42 வாட்-மணி பேட்டரி என்றால் ஆறு மணி நேரம். காணொளி வகுப்பு நடந்தால் இழுப்பு கூடி நேரம் சுருங்கும். 50 வாட்-மணிக்கு மேல் இருந்தால் ஒரு நாள் வகுப்புகளைச் சார்ஜர் இல்லாமல் ஓட்டிவிடலாம்.

சார்ஜர் யுஎஸ்பி-சி வழியாகச் சார்ஜ் ஏற்றுவதாக இருக்கட்டும். மறந்து வீட்டில் வைத்துவிட்டு வந்த நாளில் நண்பரின் சார்ஜர் கைகொடுக்கும். பழுதானாலும் மாற்று எளிதில் கிடைக்கும். ஆனால் எல்லா யுஎஸ்பி-சி துளையும் ஒன்றல்ல. சிலவற்றில் கோப்பு மட்டும் போகும், சார்ஜும் ஏறாது, வெளித்திரையும் ஓடாது. எச்டிஎம்ஐ துளை ஒன்று இருந்தால் வகுப்பில் கருத்தரங்கு நடத்தும் நாளில் அடாப்டர் தேடி ஓட வேண்டாம்.

எடை? தினமும் சுமப்பவருக்கு ஒன்றரைக் கிலோவுக்குள். இதை நான் விளக்கத் தேவையில்லை, முதல் பத்தி போதும்.

படி 6: புதியதா, புதுப்பிக்கப்பட்டதா?

கையில் பணம் குறைவு என்றால் என் விடை தெளிவானது. அந்தத் தொகைக்குக் கிடைக்கும் மட்டமான புதிய கணினியைவிட, அலுவலகங்களுக்காகச் செய்யப்பட்ட உயர்தரக் கணினி ஒன்றைப் பழையதாக வாங்குவது மேல். லெனோவாவின் திங்க்பேட் டி வரிசை, டெல்லின் லாட்டிட்யூட், எச்பியின் எலீட்புக் ஆகியவை அந்த வகை. நிறுவனங்கள் இவற்றைச் சில ஆண்டுகளில் மொத்தமாகக் கழித்துவிடும். விசைப்பலகை நன்றாக இருக்கும், கீல் உறுதியாக இருக்கும், பின்மூடியைக் கழற்றிப் பாகம் மாற்றலாம், உதிரிப் பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். தம்பி படிப்பை முடித்தது இப்படி ஒரு கணினியில்தான். பேட்டரியை ஒருமுறை மாற்றினோம், அவ்வளவே.

ஒரு கீழ்வரம்பு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. விண்டோஸ் 11-க்கு, சில விதிவிலக்குகள் தவிர, இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையாவது இருக்க வேண்டும்; ஏஎம்டி மடிக்கணினி என்றால் ரைசன் 3000 வரிசையாவது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப்பும் வேண்டும். அதற்கும் முந்தையதை லினக்ஸ் போடுகிறவர்கள் மட்டும் வாங்கலாம். என் விருப்பம் 11ஆம் தலைமுறைக்கு மேல். பழைய மேக் என்றால் 2020 இறுதியில் வந்த, ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1 தொடங்கி மேலே. இன்டெல் மேக் வேண்டாம். குரோம்புக்கைப் பொறுத்தவரை கூகுள் புதுப்பிப்பை நிறுத்தும் தேதியைப் பாருங்கள். அது நீங்கள் வாங்கும் நாளிலிருந்து எண்ணப்படுவதில்லை. பல ஆண்டுகள் ஏற்கெனவே கழிந்திருக்கலாம்.

பழையதை வாங்கும்போது செய்ய வேண்டிய சோதனை, இந்த வரிசையிலேயே:

1. கணினியை முழுதாக அழித்துப் புதிதாகத் தொடங்கச் சொல்லுங்கள். இணையத்தில் இணைந்ததும் ஏதோ ஒரு நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வந்தால் அது இன்னும் அந்த நிறுவனத்தின் பதிவேட்டில் இருக்கிறது. மேக் என்றால் முந்தையவரின் ஆப்பிள் கணக்கு நீங்கியிருக்க வேண்டும்.
2. தொடங்கும்போது பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பு) நுழைந்து பாருங்கள். கடவுச்சொல் கேட்டால், அதை விற்பவர் உங்கள் கண் முன்னே நீக்க வேண்டும்.
3. விண்டோஸில் பேட்டரி அறிக்கை எடுக்கும் வசதி உண்டு. அதில் தயாரித்தபோது இருந்த கொள்ளளவும் இப்போது நிறையும் அளவும் இருக்கும். 70 சதவீதத்துக்குக் கீழே என்றால் புதிய பேட்டரியின் விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள். மேக்கில் சார்ஜ் சுற்றுகளின் எண்ணிக்கை தெரியும். 1000 வரை என்பது ஆப்பிள் சொல்லும் எல்லை.
4. திரை முழுவதும் வெள்ளை, பிறகு கறுப்பு. புள்ளியும் கறையும் தெரிந்துவிடும்.
5. ஒவ்வொரு விசை, ஒவ்வொரு துளை, கேமரா, மைக், ஒலிபெருக்கி, வைஃபை.
6. எஸ்எஸ்டியின் உடல்நிலையைக் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் காட்டும்.
7. ஒரு காணொளியை இருபது நிமிடம் ஓடவிட்டுப் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருங்கள். சூடும் விசிறிச் சத்தமும் அதற்குள் வெளியே வரும்.

முதல் சோதனையை ஏன் முதலில் வைத்தேன் என்றால், அதைச் செய்யாமல் நான் ஒருமுறை மாட்டிக்கொண்டேன். ஒரு தோழிக்காக வாங்கியது. பார்க்கப் புதிது போலவே இருந்தது. இரண்டு மாதம் கழித்து விண்டோஸை மறுபடி நிறுவியபோது, நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு நிறுவனம் எங்களை வரவேற்று அலுவலகக் கடவுச்சொல்லைக் கேட்டது. விற்றவர் அதற்குப் பிறகு தொலைபேசியை எடுக்கவே இல்லை. எழுத்தில் வாரண்டி தராத இடத்தில் வாங்காதீர்கள் என்பதை அன்றைக்குக் கற்றேன்.

படி 7: முதல் வாரத்தில் பெட்டியைத் தூக்கி எறியாதீர்கள்

புதியதோ பழையதோ, திருப்பிக் கொடுக்கும் கெடு எத்தனை நாள் என்று ரசீதில் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாட்களுக்குள் மென்பொருள் பட்டியல் முழுவதையும் நிறுவி ஓட்டிப் பாருங்கள். கூடவே வந்த, யாரும் கேட்காத மென்பொருள்களை நீக்குங்கள். சார்ஜ் 80 சதவீதத்தில் நிற்கும் வசதி இருந்தால், அறையில் செருகியே வைத்திருக்கும் நாட்களுக்கு அதைப் போட்டு வையுங்கள். பேட்டரி மெதுவாக மூப்படையும். டிஸ்க் குறியாக்கம் (கோப்புகளைப் பிறர் படிக்காதபடி பூட்டும் வசதி) தானாகவே இயங்கியிருக்கலாம். அதன் மீட்புச் சாவி உங்கள் கணக்கில் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து ஒரு பிரதியைத் தாளில் எழுதி வையுங்கள். கோப்புகளைத் தானாகப் பிரதி எடுக்கும் ஏற்பாட்டை அன்றே தொடங்கிவிடுங்கள். ஆய்வேட்டைத் தொலைத்தவர்கள் எல்லோரும் அடுத்த வாரம் செய்யலாம் என்றிருந்தவர்கள்தான்.

பிறகு ஒரு முழு நாள், சார்ஜரை அறையிலேயே வைத்துவிட்டு, கணினியைப் பையில் போட்டுக்கொண்டு எல்லா வகுப்புக்கும் போய் வாருங்கள். மாலையில் தோள் வலித்தாலோ, நடுப்பகலிலேயே திரை அணைந்தாலோ, ரசீதை எடுத்துக்கொண்டு மறுநாளே கடைக்குப் போங்கள்.